சும்மா உட்காரத் தெரியாத மச்சானுக்கு

என் அருமைச் சின்னாண்டி மச்சானுக்கு,

நீ போய்ச் சேர்ந்த இடத்தில் உனக்கு ஏதாவது வேலை கொடுத்திருக்கிறார்களா? கொடுக்காவிட்டால் அங்கே இருப்பவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை. யாரும் கூப்பிடாமலே போய், யார் கையிலாவது இருக்கும் மண்வெட்டியைப் பிடுங்கியிருப்பாய்.

நான் லீவில் மலைக்கு வந்திருக்கிறேன். உனக்கு வருஷம் திரும்புகிறது, அதற்காகத்தான் வந்தேன். போளூர் பஸ் இப்போது ஜமுனாமரத்தூரைத் தாண்டியும் கொஞ்ச தூரம் வருகிறது, மழை இல்லாவிட்டால். சாமை கதிர் விட்டு நிற்கிறது. பொன்னி உன்னுடைய சிங்கப்பூர் பூப்போட்ட சட்டையைக் கொல்லைப் பொம்மைக்கு மாட்டியிருக்கிறாள். தூரத்தில் பார்த்ததும் நீதான் என்று நினைத்துக் கையை ஆட்டிவிட்டேன். கிட்டே வர வர, அது சும்மாவே நின்றுகொண்டிருந்தது. அப்போது நீ இல்லை என்று தெரிந்துவிட்டது.

நேற்று உன் மாமனார் என்னைப் பிடித்துக்கொண்டார். சிங்கப்பூரில் உனக்குப் பெர்மிட் வாங்க நான் பட்ட பாட்டை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன். மற்றவர்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"அதுல அவன் செஞ்சது இன்னா தப்பு?" என்று கேட்டார்.

அவருக்கு எப்படி மச்சான் சிரிப்பு வரும்? எல்லாவற்றுக்கும் காரணமே அவர்தானே. நம் பக்கத்தில் பெண்ணுக்குப் பரியப் பணம் கொடுக்க வழியில்லாதவன் பெண் வீட்டில் வேலை செய்து பெண்ணைக் கட்ட வேண்டும். முதலில் விருந்தாளியாகத்தான் போவான். பெண்ணின் அப்பா உட்காரச் சொல்லுவார். உட்கார்ந்தவனுக்கு வயிறாரச் சோறு போட்டு வழியனுப்பிவிடுவார்கள். காதில் விழாத மாதிரி எழுந்து கொல்லைக்குப் போய்க் களை பிடுங்குகிறவனுக்குத்தான் பெண். பொன்னி வீட்டில் நீ உட்காரவே இல்லை என்று இன்னமும் ஊரில் பேசிக்கொள்கிறார்கள்.

ஆனாலும் உன் மாமனார் வருஷக்கணக்காக உழைத்தால்தான் ஆச்சு என்றார். நீ ரோஷக்காரன். சிங்கப்பூருக்குப் போய்ச் சம்பாதித்துப் பரியத்தோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டாய். அவரும் விடவில்லை. புளி உலுக்குகிற காலத்துக்குள் வேலை கிடைத்த சேதி வர வேண்டும், வராவிட்டால் பொன்னியை அடுத்த ஊர்ப் பையனுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். இதை மடியில் கட்டிக்கொண்டுதான் நீ மெட்ராஸில் கப்பல் ஏறினாய்.

நான் அப்போது சிங்கப்பூரில் ஒரு பூச்செடி நர்சரியில் வேலையில் இருந்தேன். மச்சானைப் பார்க்க வந்த விருந்தாளி என்று விசிட் பாஸில் நீ வந்து இறங்கினாய். என் சீன முதலாளிக்கு உன் கையைப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. தானே பெர்மிட்டுக்கு எழுதிப் போடுவதாக ஒப்புக்கொண்டார். ஆனால் கண்டிப்பாக ஒன்று சொன்னார். பெர்மிட் வரும்வரை நர்சரிப் பக்கமே வரக்கூடாது, அறையில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். விசிட் பாஸில் இருப்பவன் ஒரு தொட்டியை நகர்த்தினாலும் வேலை செய்ததாக ஆகிவிடும், உன்னைக் கப்பல் ஏற்றிவிடுவார்கள், அவருக்கு அபராதம்.

நான் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். நீ நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டினாய். வெளியே வந்ததும் என் தோளைத் தட்டிச் சொன்னாய்:

"எம் மாமனாரும் மொதல்ல இதையேதான் சொன்னாரு மச்சான். உக்காருன்னாரு. இவரும் நம்மள மாதிரி ஆளுதான். சோதிச்சுப் பாக்கறாரு."

நான் உனக்குப் படித்துப் படித்துச் சொன்னேன். இது பெண் கேட்கிற வீடு இல்லை, கவர்மெண்ட் சமாச்சாரம் என்றேன். நீ என்னைப் பரிதாபமாகப் பார்த்தாய். இத்தனை வருஷம் இருந்தும் இவனுக்கு மனுஷன் குணம் புரியவில்லையே என்கிற பார்வை.

அப்புறம் நர்சரியில் அதிசயங்கள் நடக்க ஆரம்பித்தன. காலையில் நாங்கள் போவதற்குள் தொட்டிகளில் ஒரு களை இருக்காது. முதலாளி என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். ஒரு நாள் அவரே விடியலில் வந்து உன்னைக் கையும் களவுமாகப் பிடித்தார். தன் மொழியில் தொண்டை கிழியக் கத்தினார். நீ சிரித்துக்கொண்டே என்னிடம் வந்து, மாமனாரும் ஆரம்பத்தில் இப்படித்தான் கத்தினார், காரியம் பழம் என்றாய்.

முதலாளி வாசல் கேட்டுக்குப் பெரிய பூட்டாகப் போட்டார். நீ வேலி ஏறிக் குதித்தாய். வேலி ஏறிக் குதித்துத் திருடுகிறவனை அந்த நாட்டில் பார்த்திருப்பார்கள். வேலி ஏறிக் குதித்துக் களை பிடுங்குகிறவனைப் பார்த்திருக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பயந்துபோய் போலீசுக்குச் சொல்லிவிட்டார். அவர்கள் உன் பாஸைப் பார்த்துவிட்டுப் பெர்மிட் கொடுக்கிற ஆபீசுக்கு அனுப்பினார்கள். முதலாளி, நான், நீ, மூன்று பேரும் ஓர் அதிகாரி முன்னால் போய் நின்றோம். உன் முழங்கால் வரை சேறு.

 மச்சான், அந்நேரம் இங்கே மலையில் புளியம்பழம் பழுக்கத் தொடங்கியிருக்கும். பொன்னியின் முகம் வேறு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

நல்ல வேளை, அதிகாரி தமிழர். முதலாளியிடம் முதலில் விசாரித்தார். இவனை வேலைக்கு வைத்தாயா என்று கேட்டார். முதலாளி அழாத குறையாக, நான் வைக்கவே இல்லை, விரட்டிப் பார்த்தேன், பூட்டிப் பார்த்தேன், போகமாட்டேன் என்கிறான் என்றார். அப்படியென்றால் எதற்கு இவனுக்குப் பெர்மிட் கேட்கிறாய் என்றார் அதிகாரி. விரட்டினாலும் வேலை செய்கிற ஆள் எனக்கு வேறு எங்கே கிடைப்பான் என்று முதலாளி திருப்பிக் கேட்டார்.

அடுத்தது உன் முறை. நீ பரியம், மாமனார், களை, புளி உலுக்குகிற காலம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாய். கடைசியில், "எனக்குக் கூலி ஒண்ணும் வேணாங்க. உக்காந்து தின்னா பொண்ணு குடுக்க மாட்டாங்க, அதாங்க" என்றாய். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் ஜன்னல் பக்கம் பார்த்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று அவர் தோள் குலுங்குவதில் தெரிந்தது.

பிறகு உன் பக்கம் திரும்பினார். "தம்பி, உங்க மலையில அது வழக்கம். இந்த வீட்டு வழக்கம் வேற. இங்க உக்காந்தவனுக்குத்தான் பொண்ணு" என்றார்.

நான் தொண்டை வற்றச் சொல்லியும் ஏறாதது, அந்த ஒரு வார்த்தையில் உனக்கு ஏறியது. நாட்டை விட்டு வெளியே போய்ப் பெர்மிட்டுக்குக் காத்திரு, இன்னொரு தடவை வேலி ஏறினால் ஊருக்குத்தான் என்று எச்சரித்து அனுப்பினார்கள். எல்லை தாண்டி மலேசியா பக்கம் ஜோகூரில் எனக்குத் தெரிந்தவர் வீட்டில் உன்னைக் கொண்டுபோய் விட்டேன். கொஞ்ச நாளில் அந்த வீட்டு அம்மா ஆள் அனுப்பிவிட்டார். உங்கள் மச்சான் கையிரண்டையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறார், நாங்கள் விறகு வெட்டினால் கண்ணை மூடிக்கொள்கிறார், டாக்டரிடம் காட்ட வேண்டுமா என்று கேட்டார். பொன்னிக்காக நீ எவ்வளவோ உழைத்தாய். உட்கார்ந்தாயே, அதுதான் மச்சான் நீ செய்ததிலேயே பெரிய உழைப்பு.

பெர்மிட் வந்தது. நான் கொடுத்த தந்தி, இங்கே உன் மாமனார் மரத்தின் மேல் நின்று புளி உலுக்கிக்கொண்டிருக்கும்போது வந்து சேர்ந்ததாம். பாதி மரத்தை அப்படியே விட்டுவிட்டு இறங்கிவிட்டாராம்.

இதுவரைக்கும் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். போன வருஷம் நீ லீவில் வந்தபோது நெஞ்சு வலிக்கிறது என்று மலையிலிருந்து கீழே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். டாக்டர் என்ன சொன்னார்? கொஞ்ச காலம் எந்த வேலையும் செய்யாமல் சும்மா உட்காரச் சொன்னார். அதையும் நீ சோதனை என்று நினைத்துவிட்டாயா? விடிந்தும் விடியாமல் எதற்கு மண்வெட்டியைத் தூக்கினாய்? நான் பக்கத்தில் இருந்திருந்தால், இந்த வீட்டிலும் உட்கார்ந்தவனுக்குத்தான் பொன்னி என்று உனக்குப் புரிகிற மாதிரி சொல்லியிருப்பேன். உன்மேல் எனக்குக் கோபம் மச்சான். இன்னும் தீரவில்லை.

சரி, சிங்கப்பூர் சேதி கேள். உன் மச்சினன் ராஜி இப்போது விசிட் பாஸில் என் அறையில் இருக்கிறான். முதலாளிதான் உன் இடத்துக்கு அதே மலையிலிருந்து ஆள் வேண்டும் என்று கேட்டார். சும்மா உட்காரச் சொன்னோம். அவன் அப்படி ஒரு உட்கார்தல் உட்கார்ந்திருக்கிறான். டிவி முன்னாலிருந்து எழுந்திருப்பதே சாப்பாட்டுக்குத்தான். முதலாளி இரண்டு தடவை கேட்டைத் திறந்தே வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தார். ஒரு களைகூடக் குறையவில்லை. இவன் நிஜமாகவே சின்னாண்டி ஊர்தானா என்று என்னைக் கேட்கிறார்.

இன்று காலையில் உன் கொல்லைக்குப் போனேன். உன் மாமனார் எனக்கு முன்னாலேயே அங்கே இருந்தார். இந்த வயதில் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார். தினமும் வருகிறாராம், பொன்னி தடுத்தும் கேட்பதில்லையாம். நானும் அவரை உட்காரச் சொன்னேன்.

அவர் நிமிரவில்லை. "எங்கூட்டுக் கொல்லையில அவன் செஞ்சான். அவங்கூட்டுக் கொல்லையில நான் செய்யறேன். நீ போய்ட்டு வா" என்றார்.

நான் போகவில்லை. பக்கத்து வரிசையில் இறங்கிவிட்டேன். வேலை முடிந்து, உன்னைப் புதைத்த மேட்டுக்கு வந்தோம். அங்கேயும் புல் முளைத்திருந்தது. நான் குனிந்ததும், நீ எழுந்து வந்து பிடுங்கப்போகிறாய் என்றே எனக்குத் தோன்றியது. அதனால்தான் இந்தக் கடிதம். ஒவ்வொரு லீவுக்கும் நான் வருவேன். உன் கொல்லையில் களை இருக்காது, உன் மேட்டில் புல் இருக்காது, உன் மாமனாருக்குத் துணை இல்லாமல் இருக்காது. இது சோதனை இல்லை மச்சான், நிஜமாகவே சொல்கிறேன். நீ சும்மா உட்கார்.

இன்னும் கையில் மண் காயாத
உன் மச்சான்,
லட்சுமணன்