வருஷம் முடிவதற்குள்

நவம்பர் 3

அன்புள்ள பனிக்காரிக்கு,

சுகமா? மலை முகாமில் போன் எடுக்காது, வாரம் ஒருமுறை சாமான் ஏற்றும் வண்டியில்தான் கடிதம் வந்துபோகும் என்று தெரிந்தும் தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா, "திறந்து திறந்து கீலே கழண்டுடப் போகுது தம்பி" என்கிறார்.

எங்கள் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் என்னை வேறு ஊர்க் கிளைக்குத் தலைமை மருந்தாளராகக் கூப்பிடுகிறார்கள். ஜனவரி இரண்டாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். நீ ஒரேயடியாகத் திரும்பி வருவதானால் நான் போகமாட்டேன். மூன்று வருஷமாகக் கோடையில் பத்து நாள் வந்துபோகிறாய். கல்யாணமானவன் ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்ப்பதற்கும் ஒரு அளவு உண்டு. தனியாக இருக்க முடியவில்லை. கிணற்றில் போட்ட கல்லாக இருந்துவிடாதே. வருவாயா, மாட்டாயா?

உன் மாத்திரைக்காரன்


நவம்பர் 21

அன்புள்ள மாத்திரைக்காரருக்கு,

உங்கள் கடிதத்தை அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று தடவை படித்தேன். கூட இருந்த ஆய்வாளர் முதுகுவலி என்று அடிவார அலுவலகத்துக்கு இறங்கிவிட்டார். இப்போது முகாமில் நான் மட்டும்தான். பேச ஆளில்லாமல் தராசோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

வேலை அதேதான். பதினெட்டு இடங்களில் அலுமினியக் குழாயைப் பனிக்குள் தரைவரை குத்தி, பனியோடு தூக்கி எடைபோட்டு, குழாயின் எடையைக் கழிக்க வேண்டும். அப்போதுதான் கோடையில் ஆற்றுக்கு எவ்வளவு தண்ணீர் இறங்கும் என்று சொல்ல முடியும். நேற்று கழிக்க மறந்து, ஊரே மூழ்குகிற அளவுக்குத் தண்ணீர் காட்டிவிட்டேன். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் மாதக்கணக்கில் கேலி செய்திருப்பீர்கள்.

வருவேன். இந்த வருஷம் முடிவதற்குள் ஒரேயடியாக வந்துவிடுவேன், சத்தியம். அந்த வேலைக்குப் போகாதீர்கள்.

உங்கள் பனிக்காரி


ஜனவரி 4

அன்புள்ள உனக்கு,

டிசம்பர் 29, 30, 31 மூன்று நாளும் பஸ் நிலையத்தில் நின்றேன். மலையிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு பஸ். கடைசி நாள் டிக்கெட் கொடுப்பவரே எனக்கு நாற்காலி போட்டார். வழியில் ஏதாவது ஆகிவிட்டதோ என்று பதறி அடிவார அலுவலகத்துக்கு போன் செய்தேன். உன் முதுகுவலிக்காரர்தான் எடுத்தார். "அவங்க மேலதான் இருக்காங்க சார், நல்லா இருக்காங்க. கீழ வர்றதா ஒண்ணும் சொல்லலையே" என்றார்.

நீ நன்றாக இருக்கிறாய் என்று தெரிந்ததும் நிம்மதி. அப்புறம்தான் அழுகை வந்தது. உன் மேசையைத் துடைத்து, தலையணைக்கு உறை மாற்றி வைத்திருந்தேன். இரண்டாம் தேதி ஆஸ்பத்திரியில் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். பிப்ரவரி முதல் தேதி அங்கே சேர வேண்டும்.

இப்படிக்கு,
நான்


ஜனவரி 13

அன்புள்ள மாத்திரைக்காரருக்கு,

தலையில் அடித்துக்கொண்டு எழுதுகிறேன். நான் பொய் சொல்லவில்லை. எங்களுக்கு வருஷம் அக்டோபர் முதல் தேதி தொடங்குகிறது. அக்டோபரில் விழும் பனி அடுத்த கோடையில்தான் ஆற்றுக்கு வரும். விழுந்ததும் உருகியதும் ஒரே கணக்கில் வர வேண்டும் என்பதற்காகச் செப்டம்பர் கடைசியில் வருஷத்தை முடிப்போம். என் நோட்டில் இது நாலாவது மாதம். அந்தப் பழக்கத்தில் எழுதிவிட்டேன். செப்டம்பரைத்தான் சொன்னேன்.

அந்த வேலை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இப்போதே இறங்கி வா என்றாலும் வருகிறேன். பனி அதிகமாகச் சேர்ந்திருக்கும் மார்ச் மாத அளவு விட்டுப்போகும், போகட்டும். மூன்று வருஷ ஆராய்ச்சி அரைகுறையாகும், ஆகட்டும். ஒரு வரி போதும்.

உங்கள் பனிக்காரி


ஜனவரி 25

அன்புள்ள பனிக்காரிக்கு,

படித்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். அக்காவிடம் சொன்னேன், அவரும் சிரித்தார். மாலையில் தனியாக உட்கார்ந்து மறுபடி படித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

நீ பொய் சொல்லவில்லை, நம்புகிறேன். ஆனால் தனியாக இருக்க முடியவில்லை என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு, பத்து மாதம் கழித்து வருவதை 'வருஷம் முடிவதற்குள் வந்துவிடுவேன்' என்று எழுதியிருக்கிறாய். உனக்கு அது கொஞ்ச நாள். தப்பாகப் புரிந்துகொண்டபோது கோபம்தான் வந்தது. சரியாகப் புரிந்த பிறகுதான் வலிக்கிறது.

இறங்கி வராதே. வந்தால், விட்டுப்போன மார்ச்சை ஆயுசுக்கும் என் முகத்தில் தேடிக்கொண்டிருப்பாய். அதை என்னால் தாங்க முடியாது.

உன் புத்தகங்களைக் கட்டி அக்கா வீட்டு மாடியறையில் வைத்திருக்கிறேன். இந்த மாதம் உனக்கு எப்போதும் சளி பிடிக்குமே, இதோடு மருந்து இருக்கிறது. காலையில் ஒன்று, சாப்பிட்ட பிறகு. நாளை மறுநாள் கிளம்புகிறேன்.

மாத்திரைக்காரன்


பிப்ரவரி 7

அன்புள்ள உங்களுக்கு,

மருந்து வந்தது. சாப்பிட்ட பிறகுதான் போடுகிறேன்.

நீங்கள் சொன்னது சரி. பத்து மாதம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. எழுதும்போது கை கூசவே இல்லை. அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது. உங்கள் கடிதம் வந்ததிலிருந்து தராசோடு பேசுவதையும் விட்டுவிட்டேன். முகாமில் சத்தமே இல்லை.

புது ஊர் முகவரியை எழுத மறந்தீர்களா, வேண்டுமென்றே விட்டீர்களா என்று தெரியவில்லை. உங்களுக்கு அனுப்பிவைக்கச் சொல்லி இதை அக்கா வீட்டுக்குப் போடுகிறேன்.

எல்லாக் கடிதத்திலும் வருவேன், வருகிறேன் என்றே எழுதியிருக்கிறேன். உங்களை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

வரலாமா?

பனிக்காரி