மீனை வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை

அம்மாவுக்கு அனுசுயா வணக்கத்துடன் எழுதுவது. அப்பாவின் கை இப்போது நடுங்குவதில்லை அம்மா. தூண்டில் முள்ளில் சேவல் இறகை வைத்து அவர் பனியன் நூலால் கட்டும்போது அதைக் கவனித்தேன். உனக்கு மூட்டுவலி தேவலையா?

இறகைப் பூச்சி என்று நினைத்து மீன் கவ்வுமாம். குடியை விட்ட கன்னையன் அண்ணன்தான் அப்பாவுக்கும் இதைப் பழக்கினார். ஞாயிறானால் இருவரும் பொங்கலூர்க் குட்டைக்குப் போய்விடுவார்கள். பிடித்த மீனை அங்கேயே விட்டுவிட வேண்டும் என்பது அவர்கள் கட்டுப்பாடு. மீன் வறுத்தால் வாசனைக்கே யாராவது பாட்டிலோடு வந்துவிடுவார்கள். அதனால் நீ கருவாடு அனுப்பாதே. போர்த்திக்கொள்ள உன் பழைய சேலை ஒன்று மட்டும் கொடுத்துவிடு. கொண்டுவர ஆள் இல்லையென்றால் நீயே வா.

வாரம் முழுக்க ஓவர்டைம். நின்று நின்று கால் வீங்கியிருக்கிறது. இருந்தாலும் நேற்று நானும் குட்டைக்குப் போனேன். அப்பாவுக்குப் பெரிய ஜிலேபி மீன் மாட்டியது. முன்பு அவரோடு குடித்துவந்த இசக்கிமுத்து மாமா கரையில் நின்றார்.

"ஏ மூக்கையா, விட்றாதலே! புள்ளய வறுக்கச் சொல்லு, மத்தத நான் வாங்கியாறேன்."

"ஏனுங்க, உங்க சைடிஷ்ஷுக்கா நாங்க தூண்டி போடறோம்? விட்டுருங்க மூக்கையாண்ணா, அது பாட்டுக்குப் போகட்டும்" என்றார் கன்னையன் அண்ணன்.

அப்பா மீனை விடவில்லை. மாமாவையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆட்கள் முன்னால் எனக்குப் பேச வராது, உனக்குத் தெரியும்.

இதோ கம்பெனி வேன் வந்துவிட்டது, முடிக்கிறேன். பயப்படாதே அம்மா. நான் தண்ணீரில் இறங்கி, அப்பா கையிலிருந்து மீனை வாங்கி விட்டுவிட்டேன்.

உன் மகள்,
அனுசுயா