அண்ணா காரில் போடும் பாட்டு

பெப்ரவரி 9, ஞாயிறு

கிளிபோட் அண்ணாவை அடக்கம் செய்தது போன கிழமைதான். இன்றும் பனி. அண்ணி எமில்டாவுக்குச் சோறு கொண்டு வெக்ஸ்போர்ட்டில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு, மண்டபத்தில் சாப்பாட்டு நேரம் அண்ணாவின் புகைப்படங்களை நான் திரையில் ஓடவிட வேண்டுமாம். பக்திப் பாட்டு வேண்டாம், அவர் காரில் போடும் பாட்டே போதும் என்றார். எந்தப் பாட்டு என்று விளங்கிவிட்டது. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

பெப்ரவரி 11, செவ்வாய்

பஸ்ஸில் அந்தப் பாட்டைக் கேட்டேன். முதல் கிற்றார் அடிக்கே உடம்பு சிலிர்த்தது. சனியன், இன்னும் நல்லாத்தான் இருக்கு.

அகதியாக இந்தக் குளிர்நாட்டுக்கு வந்து பேஸ்மன்ற் அறையில் கிடந்த காலத்தில் அண்ணாதான் பங்க் ரொக் பாட்டுக் கசெற்றுகளைத் தந்தார். அதில் பாடிய லண்டன் பெடியங்கள் உலகத்தையே திட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் வாய் திறக்காத எனக்கு அந்தக் கோபம் சாப்பாடு மாதிரி.

இன்று சொற்களைக் கேட்டேன். அரசாங்கத்தைத் திட்டி ஒரேயொரு வரி. மிச்சம் முழுக்க ஒரு பெண்ணைத் திட்டி. அவள் மொக்கு, அவள் அழுக்கு, அழுதால் இன்னும் அசிங்கம், போக இடமில்லாதவள்.

பெப்ரவரி 12, புதன்

அப்ப அந்தப் பாட்டோடு சேர்ந்து நான் யாரைப் பார்த்துக் கத்தினேன்?

பெப்ரவரி 17, திங்கள்

குடும்ப தின விடுமுறை. அண்ணாவோடு அந்த நாளில் கிற்றார் அடித்த மரியோவுக்கு போன் எடுத்து அந்த வரிகளைப் பற்றிக் கேட்டேன். அதெல்லாம் அந்தக் காலத்துப் பகிடி, சிரிக்கத்தான் என்றார். அவர்களின் நிகழ்ச்சிகளில் பெண்பிள்ளைகள் நாங்கள் சுவரோடு நின்று பெடியங்களின் ஜாக்கெற்றுகளைப் பிடித்துக்கொண்டிருப்போம். முன்னுக்குப் போனால் கண்ட இடத்தில் கை படும். அதுவும் பகிடியா?

அண்ணி மன்னாரிலிருந்து கலியாணம் கட்டி வந்தவர். கத்திப் பாடும் இங்கிலீஷ் அவருக்குப் பிடிபடாது. இந்தப் பாட்டைப் போட்டு அண்ணா அவரின் கன்னத்தில் தட்டித் தட்டிப் பாடுவதைப் பின்சீற்றிலிருந்து பார்த்திருக்கிறேன். காதல் பாட்டு என்று நினைத்திருப்பார். பாவம், நினைத்துக்கொண்டே இருக்கட்டுமே. ஆனால் மண்டபத்தில் இளசுகள் எல்லாருக்கும் ஒவ்வொரு சொல்லும் விளங்க, இவருக்கு மட்டும் விளங்காமல் — கடவுளே.

பெப்ரவரி 23, ஞாயிறு

அண்ணியிடம் சொல்லிவிட்டேன். வரிவரியாகத் தமிழில் கேட்டார். தமிழில் சொல்ல வாய் கூசியது. அண்ணி அழவில்லை.

"எனக்குத் தெரியும், மெலனி. சொல்லு விளங்கேல்லை. அவர் சிரிக்கிற சிரிப்பு விளங்கினது."

பிறகேன் அதையே போடச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"அவர் ஒருநாளும் கை நீட்டினதில்லை. ஆனா கலியாணம் கட்டின நாளிலயிருந்து உந்தப் பாட்டு மாதிரித்தான் என்னோட கதைச்சவர். நான் சொன்னா ஆர் நம்புவினம்? விளங்கிற சனம் கேக்கட்டும்."

என் அண்ணா. எனக்குப் பனிச்சப்பாத்து வாங்கித் தந்த அண்ணா.

பெப்ரவரி 26, புதன்

போடமாட்டேன்.

மார்ச் 1, சனி

போட்டேன். மரியோ மேசையில் தாளம் போட்டார். பெரியவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இங்கே பிறந்த பெண்பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சாப்பாட்டுக் கோப்பையை விட்டுத் தலை நிமிர்த்தினார்கள். திரையில் கலியாணப் படம். என் மகள் தனுஷிகா எழும்பிப் போய் அண்ணியின் பக்கத்தில் அமர்ந்து, அவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் அண்ணாவை நினைத்துத்தான் அழுதேன். பாட்டை நிறுத்தவில்லை.