தாரை வார்த்த நாளும் என் வயிறும்

முசே, எப்படி இருக்கிறீர்கள்? போன இடத்தில் வயிறு ஒழுங்காக இருக்கிறதா? கதவுப் பக்கமாக இடம் கொடுத்தார்களா?

நான் சொல்லச் சொல்ல என் சின்ன மகள் எழுதுகிறாள். என் கொச்சையை அவள் திருத்திக்கொள்வாள். நேற்று பெரியவள் வரும்போது முதலியார்பேட்டையில் நீள ரொட்டி வாங்கிவந்தாள். காலையில் பையைப் பிரித்ததும் வீடெல்லாம் அந்த வாசனை. உடனே உங்கள் ஞாபகம். முப்பது வருஷம் ரொட்டி அடுப்பு முன்னால் நின்று, பிரெஞ்சு மரியாதையில் 'முசே' என்று ஊரே கூப்பிட்ட மனிதர், ஒரு துண்டு தின்றால் மூன்று நாள் படுக்கை. "ஊருக்கெல்லாம் ரொட்டி, எனக்கு மட்டும் கஞ்சி" என்று நீங்களே சொல்லிச் சிரிப்பீர்கள்.

நாம் முதலில் பார்த்துக்கொண்டது கோரிமேட்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் பஸ்ஸில். பாதி சீட்டு காலி. ஆனால் நான் படிக்கட்டு ஓரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், எதிர்க் கம்பியில் நீங்கள். உட்காரச் சொல்லிச் சொல்லிக் கண்டக்டருக்கு அலுத்துப்போனது. அந்தக் கண்டக்டர் தம்பி பிறகு வேலையை விட்டுவிட்டு ஜூஸ் கடை போட்டான், எனக்கு மட்டும் ஐஸ் போடாமல் தருவான். எங்கே விட்டேன்? ஆமாம், கம்பி. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு நீங்கள் கேட்டீர்கள், "என்னாய்யா, நீயும் நம்ம கட்சியா?"

எங்கே போனாலும் முதலில் கக்கூஸ் எங்கே என்று தேடுகிறவர்கள் கட்சி என்று புரிந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு வருஷமாக என் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாத விஷயம். அரியாங்குப்பம் பாலத்தில் பஸ் நின்றுவிட்டால் எனக்குச் சட்டையெல்லாம் வேர்த்து நனைந்துவிடும். கல்யாணம், கருமாதி எதற்கும் போவதில்லை. திமிர் பிடித்தவன் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டேன், உண்மையைச் சொல்வதற்கு அது தேவலாம் போலிருந்தது. டாக்டரம்மா அன்றைக்குத்தான் சொல்லியிருந்தார்: "குடல்ல புண்ணும் இல்ல, கட்டியும் இல்ல. நீங்க பதறினா அதுவும் பதறுது. உயிருக்கு ஒண்ணும் பண்ணாது, ஆனா கூடவேதான் இருக்கும்." கூடவே இருக்கும் என்றது மட்டும்தான் என் காதில் விழுந்தது. உயிருக்கு ஒண்ணும் பண்ணாது என்றதை நீங்கள்தான் எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள்.

பெரியவள் கல்யாணம் வந்தது. பெற்றவர்கள் ஜோடியாக உட்கார்ந்து தாரை வார்க்க வேண்டும். புகை, மந்திரம், ஒரு மணி நேரம், எதிரே ஐந்நூறு பேர். என்னால் ஆகாது என்று தம்பியையும் அவன் மனைவியையும் உட்காரச் சொல்லிவிட்டேன். நான் உட்காரவில்லை என்றால் என் மனைவியும் உட்கார முடியாது. அவள் எடுத்து வைத்திருந்த பட்டுப்புடவையை மடித்துத் திரும்பவும் பெட்டியில் வைத்தாள்.

அதை உங்களிடம் சொன்னபோது நீங்கள் சிரிக்கவில்லை. "நீ பாதியில எழுந்து போனா நாலு பேரு ஒரு நிமிஷம் பாப்பானுங்க. அவனுங்க யாரும் அந்தப் பக்கமே போறதில்லையா? உன் பொண்டாட்டி உக்காரலன்னா அது சாவுற வரைக்கும் மனசுல நிக்கும்யா. நீ உக்காரு. மத்தத நான் பாத்துக்குறேன்."

பார்த்துக்கொண்டீர்கள். மணவறைக்குப் பின்னால் பொண்ணு ரூம், அதில் ஒரு கக்கூஸ். காலையிலேயே அதைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொண்டு, எனக்குத் தெரிகிற மாதிரி தூண் ஓரம் நின்றீர்கள். நான் நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் விரலில் சாவியை ஆட்டிக் காட்டினீர்கள். இருக்கிறது என்று தெரிந்ததும் வயிறு அடங்கும். அப்படியே முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது.

பெண்ணின் கையை எடுத்து மாப்பிள்ளை கையில் வைக்கச் சொல்கிறார் ஐயர். அப்போது பார்த்து வயிறு ஒரு முறுக்கு முறுக்கியது. நிமிர்ந்தேன். தூண் ஓரம் ஆள் இல்லை. சாவியும் இல்லை.  திரும்பிப் பார்த்தேன். பொண்ணு ரூம் வாசலில் உங்கள் பழைய தோல் செருப்பு இரண்டும் கிடந்தன, கதவு சாத்தியிருந்தது.

முசே, சாவியோடு நீங்களே உள்ளே!

எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. தோள் குலுங்குகிறது, கையில் பெண்ணின் கை, என் மனைவி தண்ணீர் ஊற்றுகிறாள். அவள் என் இடுப்பில் கிள்ளி, "ஏங்க, இன்னா சிரிப்பு? வீடியோ எடுக்குறாங்க" என்றாள். அவள் முகத்திலும் சிரிப்பு, எதற்கென்று தெரியாமலே. சிரித்து முடித்துப் பார்க்கிறேன், வயிறு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. தாரை வார்த்தாகிவிட்டது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த நீங்கள், பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டு, "பர்தோன்யா, பர்தோன். உன் பயமெல்லாம் எனக்கு வந்துடுச்சி" என்றீர்கள்.

போன மழையில் நெஞ்சு வலி வந்து போய்ச் சேர்ந்தீர்கள். வயிற்றால் இல்லை. டாக்டரம்மா சொன்னது சரிதான்.

எனக்கும் குணமாகிவிடவில்லை. மாதத்தில் நாலு நாள் படுத்துகிறது. மிச்ச நாள் சாப்பிடுகிறேன், போகிறேன், வருகிறேன், சாவுக்குப் போய் நடுவில் உட்கார்ந்து அழுதுவிட்டும் வருகிறேன். இன்று பெரியவள் பிள்ளைக்கு மயிலத்தில் காது குத்து. வேன் வாசலில் நிற்கிறது. பயம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது முசே, ஆனால் அது இப்போது...

"எப்பா! உனக்கு வயிறு சரியில்லன்னு வேன்காரருகிட்ட சொல்லிட்டேன், கேட்ட எடத்துல நிறுத்துவாராம்! வந்து ஏறு!"

பெரியவள்தான், தெருவுக்கே கேட்கிற மாதிரி. பக்கத்து வீட்டுக்காரர் வேறு எட்டிப் பார்க்கிறார். அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நான் வேனில் ஏறப்போகிறேன், முசே.