மரத்துப் போன தொண்டை

அன்புள்ளவளுக்கு,

அங்கே மகளையும் கைக்குழந்தைப் பேரனையும் தூங்க வைத்துவிட்டு நிதானமாக இதைப் படி. நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய், குழாய் விட்டு வயிற்றைப் பார்த்துக்கொண்டேன். சாப்பாடு நெஞ்சிலேயே நிற்பதை உன்னிடம் சொல்லாமல் இருந்துவிட்டேன். கூட ஆள் இல்லாமல் மயக்க ஊசி போட மாட்டோம் என்றார்கள். வேறு வழி தெரியாமல் உன் தம்பியைக் கூப்பிட்டேன். ஆமாம், இத்தனை வருடம் நான் முகம் கொடுத்துப் பேசாதவனைத்தான்.

நர்ஸ் தொண்டையில் ஸ்பிரே அடித்தார். "தூங்கத்தானே போறேன், இது எதுக்கும்மா?" என்றேன்.

"நீங்க தூங்கினாலும் தொண்டை தூங்காது சார். குழாய் பட்டா குமட்டும்."

கசந்தது. பிறகு எச்சில் விழுங்குகிறேனா என்பதே தெரியவில்லை.

விழித்ததும் நாக்கு வறண்டிருந்தது. யாரையும் கேட்காமல் பக்கத்தில் இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டேன். புரையேறி மூச்சு அடைத்தது. உன் தம்பி ஓடிவந்து என்னைக் குனிய வைத்து முதுகில் தட்டினான். "மரப்பு போற வரைக்கும் ஒரு சொட்டு கூடாதுன்னு சொன்னாங்கல்ல அத்தான்?" என்று அதட்டினான். இருமல் அடங்கிய பிறகும் நான் அவன் கையை விடவில்லை. அவனும் இழுத்துக்கொள்ளவில்லை.

டாக்டர் அவனை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்களாம். வேறென்ன சொன்னார் என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, நீங்க படுங்க" என்கிறான்.

நீ அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம். என்னை நம் வீட்டில் கொண்டுவந்து விட்டதும், அவனையும் அவன் வீட்டுக்குப் போகத்தான் சொன்னேன். போனான், சாயங்காலம் துணிமணிகளோடு திரும்பி வந்து, பக்கத்து அறையில் படுக்கை விரித்திருக்கிறான்.

இப்படிக்கு,
உன்னவன்