முதலாளியின் இடுப்பு அளவு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நாங்களும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் நீ நம்ப மாட்டாய். போனில் சொல்லலாமென்றால் நீ அழுவாய், நான் அதட்டுவேன், அப்பா நடுவில் போனைப் பிடுங்கித் தையல் மிஷின் சத்தத்தோடு சேர்ந்து கத்துவார், சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் முயலுக்குப் பின்னங்கால் இரண்டும் விழுந்துவிட்டது வரைக்கும் உனக்குத் தெரியும். மேல்வீட்டில் சுவரைத் துளை போட்ட சத்தத்தில் மிரண்டு கூண்டுக்குள் ஒரு உதை உதைத்தது, பிறகு பார்த்தால் முன்னங்காலால் உடம்பை இழுத்துக்கொண்டு போகிறது. முதுகெலும்பில் அடி என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அப்பா சும்மா இருப்பாரா. "இது உக்காந்து திங்கும், நாம நின்னு பரிமாறணும், நல்ல முதலாளிதான் வாய்ச்சிருக்கு" என்று வாய் ஓயாமல் திட்டுவாரே, அதே மனுஷன் டேப்பை எடுத்து முதலாளிக்கு இடுப்பு அளந்தார். இருந்த இடத்திலேயே நனைத்துக்கொள்ளுமே என்று லைனிங் துணியில் பஞ்சு வைத்து, வாலுக்கு ஓட்டை விட்டு, நாடா கட்டி ஒரு குட்டி அரைக்கால் சட்டை தைத்துவிட்டார். மறுநாள் பார்த்தால் துணி காய்ந்தபடியே இருக்கிறது. "பாத்தியா, ஒரு சொட்டு ஒழுகலை, தையல்னா இது" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் தூக்கிக் காட்டினார். நானும் துவைக்கிற வேலை மிச்சம் என்று பேசாமல் இருந்தேன். அதற்கடுத்த நாள் அது இலையைத் தொடவில்லை, வயிறு கல்லாக இருந்தது, தூக்கிக்கொண்டு ஓடினோம். "ஒழுகலைன்னு சந்தோஷப்பட்டீங்களா? அதுக்கு மூத்திரமே போகலைங்க. கால் மாதிரியே அதுவும் வேலை செய்யலை, இனிமே நாமதான் அமுக்கி எடுத்துவிடணும்" என்றார் டாக்டரம்மா. அப்பா அந்தக் குட்டிச் சட்டையைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

அன்றைக்கு என் தலையில் விழுந்த வேலை இது. அப்பாவுக்குக் கை நடுங்குகிறதாம், ஊசியில் நூல் கோக்கும்போது மட்டும் நடுங்காது போல. பள்ளிக்கூடத்தில் பகலெல்லாம் அடுத்தவர் பிள்ளைகளை ஒன்றுக்கு இருக்க வைத்துக் கழுவி விடுகிற ஆயா நான், மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு ஓடி வந்து இதற்கும் அதே உத்தியோகம். மடியில் துண்டு விரித்து, அடிவயிற்றைத் தடவி மூத்திரப் பையைப் பிடித்து, மெல்ல அமுக்கிவிட்டு, துடைத்து, புண் வராமல் திருப்பிப் போட்டுத் திரும்ப ஓடுகிறேன். குனிந்தால் நிமிர முடியவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகுகிறது. "ஆயாம்மா, உங்களையே யாராவது தூக்கி விடணும் போல இருக்கே" என்று டீச்சர் கேலி செய்கிறார், சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

போன வாரம் நீ சொன்னாய், "உங்களுக்குக் கஷ்டமா இருந்தா ஊசி போட்டு அனுப்பிடுங்கம்மா." நல்ல எண்ணத்தில்தான் சொன்னாய். பொய் சொல்வானேன், எனக்கும் அப்பாடா என்றிருந்தது. சனிக்கிழமை அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனோம். டாக்டரம்மா பின்னங்கால் விரலைக் கிள்ளிப் பார்த்தார், அசையவில்லை. "முடிவு உங்களோடதுதான்" என்றார். அப்பா என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். மகள் சொல்லிவிட்டாள் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் நேரமாகிவிட்டதே என்று என் கை தன்பாட்டில் அதன் வயிற்றை அமுக்கிவிட்டது. மேசையெல்லாம் நனைந்தது. அது என் முழங்கை மடிப்பில் தலையை நுழைத்துக்கொண்டு பல்லை மெல்ல அரைத்தது. சுகமாக இருந்தால் அப்படிச் செய்யும் என்று நீதானே சொல்வாய். "இப்பதாங்க போயிருக்கு, இன்னைக்கு வேண்டாம்" என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அப்பா வழியெல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தார், கேட்டால் தூசியாம்.

நான் செய்தது சரியா என்று எனக்கே தெரியாது. திரும்ப இலை தின்கிறது, அது மட்டும்தான் தெரியும். தாங்க முடியவில்லை என்று அது சாப்பாட்டை விட்டுக் காட்டினால் நானே கொண்டுபோவேன், உன்னையும் கேட்க மாட்டேன், உன் அப்பாவையும் கேட்க மாட்டேன். எங்களுக்குக் கஷ்டம் என்பதற்காக மட்டும் அனுப்பச் சொல்லாதே. என் இடுப்பு வலிக்கு அது உயிரை விட வேண்டாம்.

நீ வெறும் ரொட்டியைக் கடித்துக்கொண்டு வேலைக்கு ஓடாதே, கதவைத் தாழ் போட்டுவிட்டுத் தூங்கு. எந்தக் குறையும் இல்லாமல் நூறு வயது நன்றாக இருப்பாய், அப்பாவும் அதையேதான் சொல்லச் சொன்னார். இன்னொன்று. போனை எடுத்ததும் "முயல் சாப்பிட்டுச்சா" என்று கேட்கிறாய், தாராளமாகக் கேள். கேட்டு முடித்ததும், வைப்பதற்கு முன்னால், "நீ சாப்பிட்டியாம்மா" என்று என்னையும் ஒரு வார்த்தை கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா