புற்று இல்லை என்று சொல்லப் போன நான்

இன்று கிள்ளான் பாசாரில் பாண்டான் இலைக் கட்டு ஒன்றை எடுத்து முகர்ந்தேன். அவ்வளவுதான் தோழி, பண்டமாரானில் உன் அடுப்படிக்கே போய்விட்டேன். தேங்காய்ப் பாலில் சோறு வேகும். நீ வாழையிலையை விரித்து, துறைமுகத்தில் விற்க நாசி லெமாக் பொட்டலம் கட்டுவாய். உதவுகிறேன் என்ற பெயரில் நான் நெத்திலியைப் பொறுக்கித் தின்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில், லோரி ஓட்டிய உன் கணவர் காய்ச்சலில் இளைத்து இறந்த மறு வருடம், உன் கழுத்தில் கட்டிகள் கிளம்பின. உனக்கும் காய்ச்சல் விடவில்லை, உடம்பு பாதியானது. எல்லாரும் புற்று என்றே முடிவு கட்டினார்கள். நீயும் மறுக்கவில்லை. பக்கத்து வீட்டு ஆன்டிகள் பழங்களோடு வந்து உன் கட்டிலருகே உட்கார்ந்தார்கள். துறைமுகத்து ஆட்கள் உனக்காகவே ஒரு பொட்டலம் கூடுதலாக வாங்கினார்கள்.

நானோ, அது புற்றாக இல்லாதிருந்தால் பத்துமலை முருகனுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். கோலாலம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கட்டியை வெட்டிச் சோதித்தார்கள். "கேன்சர் இல்லையாம்" என்று மட்டும் நீ சொன்னாய். மேலே கேட்க எனக்குப் பொறுமை ஏது? தைப்பூசத்தன்று பால்குடம் எடுத்தேன். வேண்டுதல் பலித்தால் நாலு பேரிடம் சொல்ல வேண்டும் அல்லவா? பஞ்சாமிர்தக் கிண்ணத்தோடு வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டேன்.

"அப்ப அது என்னா சீக்கு?" என்றார் எதிர்வீட்டு ஆன்டி. நான் பஞ்சாமிர்தத்தை நீட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். உன் கணவர் போனதையும் இதையும் முடிச்சுப் போட்டுத் தெருவே கண்டுபிடித்துக்கொண்டது. அந்த வாரம் உன் பொட்டலங்கள் அப்படியே திரும்பி வந்தன.

அப்படித் திரும்பி வந்த ஒரு மாலையில்தான் முழுவதையும் சொன்னாய். "எச்.ஐ.வி.தான் லா. அது இருக்கிறவங்களுக்கு எப்பவாச்சும்தான் இந்தக் கட்டி வருமாம். பார்க்க கேன்சர் மாதிரியே இருக்குமாம். டாக்டரே முதல்ல அப்படித்தான் நினைச்சாராம்."

பிறகு, "கேன்சர்னே விட்டிருக்கலாம்டி. நாலு பேரு வந்து உட்கார்ந்தாங்க" என்றாய். திட்டியிருந்தால் தேவலை. அழுதுகொண்டே விற்காத பொட்டலம் ஒன்றைப் பிரித்துத் தின்றேன். "மெதுவா தின்னு, விக்கப்போவுது" என்றாய்.

அடுத்த பூசத்துக்கு நீ இல்லை. இத்தனை வருடமாகியும், வம்பு பேச உன்னைப்போல் ஒருத்தி எனக்குக் கிடைக்கவில்லை.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், உன்னைத் தெரிந்த ஒருத்தி உனக்கு என்ன வந்தது என்று கேட்டாள். "கேன்சர்" என்றேன், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். "அடப் பாவமே, நல்ல மனுஷி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நிமிடமே உன்னிடம் ஓடி வந்து, இந்த முறை சரியாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது.